பச்சை வயலில் பதர் எத்தனை?

ஆஸ்திரேலியாவின் தென்மேற்கே, பெர்த் நகருக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தொலைவு கோதுமை வயல்கள் விரிந்து கிடக்கின்றன. பூமியின் தென்பாதியில் பருவங்கள் நமக்கு நேர்மாறாக வருவதால், செப்டம்பர் அங்கே இளவேனில் மாதம். கோதுமைக் கதிர்கள் வெளிவந்து பூக்கும் காலம் அது. அப்படிப்பட்ட ஒரு நாள் இரவில் வானம் மேகமின்றித் தெளிந்திருக்கிறது. காற்றும் அசையவில்லை. விடியும்போது பயிரின் மேல் சர்க்கரையைத் தூவியதுபோல வெண்பனி உறைந்திருக்கிறது. வெயில் ஏறியதும் அது உருகி மறைகிறது. பயிரோ முன்போலவே பச்சைப் பசேலென்று நிற்கிறது.

இந்தப் பயிர் பிழைத்ததா, செத்ததா? சாலையில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வயலுக்குள் இறங்கிப் பார்ப்பவருக்கும் அன்றைக்குத் தெரியாது. ஆனால் உழவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கதிரில் மணி பிடிக்குமென்றால் பயிரை அறுவடைவரை விட்டுவைக்கலாம். பிடிக்காதென்றால் பசுமையாக இருக்கும்போதே அறுத்து, உலர்த்தி, கால்நடைத் தீவனமாக விற்கலாம். நாள் தள்ளிப் போனால் தீவனத்தின் சத்தும் குறையும், விலையும் குறையும். அவசரப்பட்டு அறுத்தாலோ நல்ல விளைச்சலை மாட்டுக்குப் போட்டதாகிவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் கலைக்குத்தான் பயிர்ச்சேத மதிப்பீடு என்று பெயர். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு கத்தி, ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி, கொஞ்சம் தாவரவியல், கொஞ்சம் கணக்கு, நிறையப் பொறுமை ஆகியவை போதும்!

உறைபனி எவ்வாறு உண்டாகிறது?

உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும் படத்தைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அங்கும் ஆஸ்திரேலிய வயல்களிலும் நடப்பது ஒன்றுதான். பகலில் வெயிலை வாங்கிக்கொண்ட நிலமும் பயிரும் இரவில் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானை நோக்கி வெளியிடுகின்றன. மேகம் இருந்தால் அது போர்வைபோல் நின்று வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாத இரவில் அந்தப் போர்வை இல்லை. காற்று வீசினால் மேலேயுள்ள சற்று வெதுவெதுப்பான காற்று கீழே கலக்கும். காற்றில்லாத இரவில் அந்த உதவியும் இல்லை. ஆகவே தரையையொட்டிய காற்று மேன்மேலும் குளிர்கிறது.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் ஓடுவதுபோல அதுவும் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே ஒரே வயலில் மேட்டுப்பகுதி தப்பிவிட, பள்ளத்திலுள்ள பயிர் பனிக்கு இரையாவது உண்டு. மணற்பாங்கான, உலர்ந்த நிலத்தில் பகல்வெப்பம் அதிகம் சேமிக்கப்படுவதில்லை. ஈரமான களிமண் நிலத்தைவிட அங்கே பனி கூடுதலாகத் தாக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வானிலை நிலையத்தின் வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டி ஒன்றில் வைக்கப்பட்டிருக்கும். அதை வடிவமைத்தவர் ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் தாமஸ் ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை இவர். ஆஸ்திரேலியாவில் இந்தப் பெட்டி தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதற்குள் வெப்பநிலை 2 பாகை செல்சியஸ் இருக்கும்போதே, திறந்தவெளியில் வானைப் பார்த்து நிற்கும் கதிரின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே போயிருக்கலாம். ஆகவே வானொலியில் ‘குறைந்த அளவு 2 பாகை’ என்று கேட்டவுடனேயே விவரமறிந்த உழவர் வயலைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

இளமையில் வீரன், பூக்கையில் மெலியன்

கோதுமை குளிருக்குப் பழகிய பயிர்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதன் தாங்கும் திறன் வயதுக்கு வயது மாறுகிறது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் குளிர்காலத்துக்கு முன்பே விதைக்கும் கோதுமை பயிராகிறது. அதற்காகக் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஓர் அட்டவணை வெளியிட்டுள்ளது. இரண்டு மணி நேரம் எவ்வளவு குளிர் நீடித்தால் பயிர் சேதமாகும் என்று அது காட்டுகிறது.

தூர் கட்டும் பருவத்தில் உறைநிலைக்குக் கீழே 11 பாகை வரை சென்றால்தான் சேதம். தண்டு கணுவிட்டு நீளும்போது அந்த எல்லை 4 பாகையாகச் சுருங்குகிறது. கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் 2 பாகை. கதிர் வெளிவந்து பூக்கும்போது வெறும் 1 பாகை! பால் பிடித்தபின் மீண்டும் 2 பாகை.

இந்த வேறுபாடு ஏன்? இளம்பயிரின் வளர்முனை மண்ணுக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. இலை கருகினாலும் புது இலை வரும். மேலும், குளிர் படிப்படியாக வரும்போது இளம்பயிர் தன் உயிரணுக்களில் சர்க்கரைகளைச் சேர்த்துத் தன்னை உறுதியாக்கிக் கொள்கிறது. இளவேனிலில் கதிர்விடும் பயிர் அந்த உறுதியை இழந்துவிடுகிறது. அதன் வளர்முனையே கதிராக மாறி, உயரத்தில், திறந்தவெளியில் நிற்கிறது. அது போனால் மாற்று இல்லை.

பனியில் உயிரணு எவ்வாறு சாகிறது? உயிரணு உறைந்து வெடித்துவிடுகிறது என்று பலர் நினைப்பதுண்டு. பெரும்பாலும் நடப்பது வேறு. பனிக்கட்டிப் படிகங்கள் முதலில் உயிரணுக்களுக்கு இடையேயுள்ள வெளியில் தோன்றுகின்றன. அவை வளர வளர, உயிரணுக்களின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கின்றன. நீரை இழந்த உயிரணு சுருங்குகிறது. அதன் சவ்வு சிதைகிறது. பிறகு வெயில் வந்து பனி உருகினாலும் சிதைந்த சவ்வு ஒட்டுவதில்லை. ஆக, உறைந்த குளிரிலேயே உயிரணு தாகத்தால் சாகிறது எனலாம்.

கதிரைப் பிரித்துப் பார்ப்போம்

கோதுமைக் கதிரின் நடுத்தண்டில் இருபுறமும் மாறிமாறிச் சிறுகதிர்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு சிறுகதிரிலும் பல பூக்கள். ஒவ்வொரு பூவையும் இரண்டு உமிகள் கைகூப்பியதுபோல மூடியுள்ளன. உமியை நகத்தால் மெல்லப் பிரித்தால், உள்ளே மூன்று மகரந்தப்பைகளும், நடுவே இறகு போன்ற இரண்டு சூல்முடிகளோடு கூடிய சூலகமும் தெரியும். அந்தச் சூலகம்தான் நாளைய கோதுமை மணி.

நலமான பூவில் மகரந்தப்பைகள் முதலில் பச்சையாகவும், முதிரும்போது மஞ்சளாகவும் பருத்து இருக்கும். பனி தாக்கிய பூவில் அவை உமிக்குள்ளேயே வெளுத்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டு கிடக்கும். சூல்முடியும் இறகு விரியாமல் வாடி நிற்கும். ஆனால் எச்சரிக்கை! மகரந்தம் உதிர்த்து முடித்த பைகளும் வெளுப்பாகத்தான் இருக்கும். அவை வேலை முடிந்து உமிக்கு வெளியே தொங்குபவை. வெளுப்பைக் கண்டவுடன் ‘பனி’ என்று எழுதிவிடக் கூடாது. பையின் வெளுப்போடு, சூலகம் பருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மணி பால் பிடித்த பருவமானால் சோதனை இன்னும் எளிது. மணியை இரு விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் நலம். சாம்பல் நிறத்தில், நீர்த்த கசிவு வந்தால் அந்த மணி செத்துவிட்டது.

தண்டையும் மறக்கக் கூடாது. கண்ணாடி இலையின் உறையை உரித்து, கதிரைத் தாங்கும் காம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். அதில் வெளிறிய வளையமோ, கொப்புளமோ, வெடிப்போ இருந்தால், கதிருக்குச் செல்லும் நீர்ப்பாதையும் உணவுப்பாதையும் பழுதுபட்டுள்ளன என்று பொருள். பூக்கள் நலமாகத் தோன்றினாலும் அந்தக் கதிர் நிறைவாக மணி பிடிக்காது.

இவை எல்லாம் மறுநாளே தெரிந்துவிடுமா? தெரியாது. செத்த திசு நிறம் மாறவும், உயிருள்ள சூலகம் பருத்துத் தன் உயிரைக் காட்டவும் நாட்கள் வேண்டும். ஆகவேதான் பனி விழுந்து ஐந்து முதல் ஏழு நாட்கள் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பனி ஒரே இரவோடு நிற்பதுமில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியைப் பனி பலமுறை தாக்கியது. அத்தகைய ஆண்டுகளில் ஒருமுறை பார்த்த வயலை மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். ஒரு கதிரின் எல்லாப் பூக்களும் ஒரே நாளில் பூப்பதில்லை. நடுவில் தொடங்கி மேலும் கீழுமாகப் பூத்து முடிய மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். எனவே ஒரே இரவுப் பனியில் கதிரின் ஒரு பகுதி மட்டும் பதராகி, மற்றப் பகுதி மணி பிடிப்பதும் உண்டு.

எங்கே எடுப்பது? எத்தனை எடுப்பது?

ஒரு கதிரைப் பார்த்து 100 ஹெக்டேர் வயலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? அழகான கதிரைத் தேடிப் பறித்தால் இழப்பு குறைவாகத் தோன்றும். வெளுத்த கதிரைத் தேடினால் மிகையாகத் தோன்றும். எனவே வயலின் ஊடே நேராக நடந்து, குறிப்பிட்ட அடிகளுக்கு ஒருமுறை நின்று, பார்க்காமல் கைக்கு அகப்படும் கதிரைப் பறிக்க வேண்டும். வரப்போரத்துப் பயிரை விட்டுவிட வேண்டும். பள்ளம், சரிவு, மேடு ஒவ்வொன்றிலும் தனித்தனியே சுமார் 30 கதிர்கள் எடுப்பது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சரிவுப் பகுதியில் 30 கதிர்கள் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 18 சிறுகதிர்கள். ஒவ்வொரு சிறுகதிரிலும் தவறாது மணி பிடிக்கும் அடிப்பூக்கள் இரண்டை மட்டும் பார்க்கிறோம். மொத்தம் 1080 பூக்கள். அவற்றில் 324 செத்திருந்தால் சேதம் 30 விழுக்காடு.

இதேபோல் பள்ளத்தில் 80 விழுக்காடும், மேட்டில் 5 விழுக்காடும் சேதம் என்று கண்டோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 38க்குச் சற்று மேல் வரும். இது சரியா? சரியன்று! பள்ளம் 10 ஹெக்டேர், சரிவு 30 ஹெக்டேர், மேடு 60 ஹெக்டேர் என்றால், பரப்புக்கு ஏற்ப எடையிட்டுக் கணக்கிட வேண்டும். பள்ளத்திலிருந்து 8, சரிவிலிருந்து 9, மேட்டிலிருந்து 3. ஆக மொத்தச் சேதம் 20 விழுக்காடுதான்.

முடிவு என்ன? பள்ளத்து 10 ஹெக்டேரை மட்டும் தீவனத்துக்கு அறுக்கலாம். மற்ற 90 ஹெக்டேரை விளையவிடலாம். பள்ளம் சாலையோரம் இருந்து, அதை மட்டும் பார்த்திருந்தால் உழவர் முழு வயலையும் அறுத்திருப்பார். மேடு சாலையோரம் இருந்திருந்தால், பள்ளத்துப் பதரை அறுவடை இயந்திரம் வரும்வரை காத்துக் கிடந்திருப்பார்.

இந்த விழுக்காட்டையும் அப்படியே விளைச்சல் இழப்பு என்று கொள்ளக் கூடாது. மண்ணில் ஈரம் இருந்தால், பிழைத்த மணிகள் பங்காளிகள் குறைந்ததால் சற்றுக் கூடுதலாகப் பருக்கும். பின்னால் வந்த தூர்களும் கதிர்விடக்கூடும். பயிர் தானே ஓரளவு ஈடுகட்டிக் கொள்கிறது.

பனியைப் போன்ற போலிகள்

வெளுத்த கதிர் எல்லாம் பனியின் வேலையன்று. மண்ணில் தாமிரச் சத்து குறைந்தாலும் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். வேரைக் கருக்கும் பூஞ்சைநோயாலும் கதிர் வெளுக்கும். எனவே செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். வேர் கறுத்திருந்தால் குற்றவாளி பூஞ்சையே. சேதம் பள்ளத்தில் மிகுந்து மேட்டில் குறைந்திருந்தால் பனியின்மேல் ஐயம் வலுக்கும். நல்ல மருத்துவரைப் போல, ஓர் அறிகுறியை மட்டும் நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே இதில் முறை.

வெப்பம் தரும் அடி

பனிக்குத் தப்பிய கோதுமைக்கு இன்னொரு பகை காத்திருக்கிறது. அது வெயில். கோதுமை மணி இதமாகப் பருக்க ஏற்றது 15 முதல் 20 பாகை வரையிலான சூழல். 30 பாகைக்கு மேல் போனால் பயிர் அல்லற்படுகிறது. ஓரிரு நாட்கள் 35 பாகையைத் தொட்டாலே விளைச்சலில் அடி தெரியும்.

வெப்பத்தின் அடி எப்போது விழுந்தது என்பதை மணிகளே சொல்லிவிடும். மகரந்தம் உருவாகும்போதோ பூக்கும்போதோ வெப்பம் தாக்கினால் மகரந்தம் மலடாகும். மணிகளின் எண்ணிக்கை குறையும். பால் பிடித்தபின் தாக்கினால் எண்ணிக்கை குறையாது, எடை குறையும். ஏனெனில் சர்க்கரையை மாவுச்சத்தாகக் கோக்கும் நொதிகளுள் ஒன்று 25 பாகைக்கு மேல் சுணங்குகிறது. பயிரும் அவசரம் அவசரமாக முதிர்ந்து, மணி பருக்கவேண்டிய நாட்களைக் குறைத்துக் கொள்கிறது. விளைவு, தோல் சுருங்கிய கருக்காய்.

ஆகவே வெப்பச் சேதத்தை அளக்க எண்ணுவது மட்டும் போதாது; நிறுக்கவும் வேண்டும். 1000 மணிகளை எண்ணி எடுத்து நிறுப்பது ஒரு முறை. நன்கு விளைந்த கோதுமையில் அவை ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். சல்லடையில் சலிப்பது இன்னொரு முறை. ஆஸ்திரேலியாவில் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள துளைகளில் விழுந்துவிடும் மணிகள் 5 விழுக்காட்டைத் தாண்டினால், அந்தக் கோதுமை மாவு ஆலைக்குரிய பெரும்பாலான தரங்களிலிருந்து இறங்கிவிடும்.

2022 மார்ச்சில் நடந்தது

இது ஏதோ தொலைநாட்டுச் சங்கதி அன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியாவின் சராசரிப் பகல்வெப்பம் 33.1 பாகையை எட்டியது. 1901 முதல் வைக்கப்பட்டுள்ள பதிவுகளில் அதுவரை எந்த மார்ச்சும் அவ்வளவு சுட்டதில்லை. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் கோதுமை மணி பருத்துக்கொண்டிருந்த நேரம் அது. கதிர்களில் மணிகள் இருந்தன, ஆனால் சுருங்கியிருந்தன. பூக்கள் தப்பின, மணிகள் சிக்கிக்கொண்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அரசு கொள்முதலில் சுருங்கிய, உடைந்த மணிகள் 6 விழுக்காடு வரையே இருக்கலாம் என்பது விதி. அந்த ஆண்டு பஞ்சாப், அரியானா, சண்டிகர் பகுதிகளுக்கு இதை 18 விழுக்காடு வரை மைய அரசு தளர்த்தியது. பிப்ரவரியில் 11.13 கோடி டன் என்று எதிர்பார்த்த நாட்டின் கோதுமை விளைச்சல், மே மாதத்தில் 10.64 கோடி டன் என்று குறைத்து மதிப்பிடப்பட்டது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடையும் வந்தது. ஒரு சிறு மணியின் சுருக்கம் உலகச் சந்தைவரை எட்டியதைப் பாருங்கள்.

2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, 30 கணினி மாதிரிகளை ஒப்பிட்டு, உலக வெப்பநிலை 1 பாகை கூடினால் கோதுமை விளைச்சல் சுமார் 6 விழுக்காடு குறையும் என்று கணித்தது.

இரு பகைக்கு நடுவே ஒரு வாசல்

அப்படியானால் பனி முடிந்தபின், வெயில் தொடங்கும்முன் பூக்கும்படி விதைத்தால் என்ன? ஆஸ்திரேலிய உழவர்கள் செய்ய முயல்வதும் அதுவே. முந்தி விதைத்தால் பூக்கும்போது பனி. பிந்தி விதைத்தால் மணி பருக்கும்போது வெயிலும் வறட்சியும். இடையிலுள்ள வாசல் மிகக் குறுகியது. எனவே சிலர் வெவ்வேறு நாட்களில் பூக்கும் இரகங்களைப் பிரித்து விதைத்து ஆபத்தைப் பங்கிடுகிறார்கள்.

உலகம் வெப்பமாகிறதே, பனித்தொல்லை தானே ஒழிந்துவிடாதா? அதுவும் எளிதன்று. வெதுவெதுப்பான குளிர்காலத்தில் பயிர் விரைவாக வளர்ந்து முன்கூட்டியே பூத்துவிடும். அப்போது தெளிந்த ஓர் இரவு வந்தால் போதும், பயிர் அகப்பட்டுக் கொள்ளும்.

இன்று பயிரின் உயரத்திலேயே நின்று வெப்பநிலையைப் பதியும் சிறு கருவிகள் வந்துள்ளன. செயற்கைக்கோள்கள் வயலின் நிறமாற்றத்தைக் காட்டுகின்றன. எந்தப் பகுதியை முதலில் பார்ப்பது என்று அவை வழிகாட்டும். ஆனால் உமிக்குள் இருக்கும் சூலகத்தின் உயிரை உறுதிசெய்ய, இன்றும் கதிரைப் பறித்துப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

நம் நெல்லுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தப்பை சரியாக வெடிக்காமல் மணி பதராகலாம். அதனால்தான் பிலிப்பீன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிலையம், வெயில் ஏறும்முன் பூக்கும் காட்டு நெல்லின் பண்பைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவரும் முயற்சியில் ஈடுபட்டது.

அறுவடைக் காலத்தில் உரியவரைக் கேட்டு, ஒரு வயலின் மேட்டிலிருந்து பத்து, பள்ளத்திலிருந்து பத்து, நடுவிலிருந்து பத்து என முப்பது நெற்கதிர்களை வாங்குங்கள். ஒவ்வோர் இடத்தின் நெல்லையும் தனித்தனியே உதிர்த்து, உலர்த்தி, உப்புக் கரைத்த நீரில் போடுங்கள். பதரும் கருக்காயும் மிதக்கும். நிறைந்த மணி மூழ்கும். இரண்டையும் எண்ணி விழுக்காடு காணுங்கள். மூன்று இடங்களுக்கும் விடை ஒன்றாக வருகிறதா? வராவிட்டால் வெப்பமா, பூச்சியா, நீர்க்குறையா, காரணம் என்னவென்று அந்த வயலுக்குரியவரிடமே கேளுங்கள். நீங்கள் எண்ணிய எண்களோடு போனால், அவரும் அக்கறையோடு பதில் சொல்வார்.